கடைசற் பட்டறையும் நாதசுரமும்

கடைதல் என்னும் சொல்லைத் தமிழ் மக்கள் இரண்டு தொழில்களுக்குப் பொதுவாக வழங்கி வந்துள்ளனர். தயிரைக் கடைகின்றோம், மரத்தையும் கடைகின்றோம். வெண்ணெய் எடுக்கும் தாய்க்கும் கட்டிற்கால் செய்யும் தச்சருக்கும் என்ன உறவு என்று இன்றைய மாணவன் கேட்பானாயின், அவன்மீது குற்றமில்லை. அவன் தயிர் மத்தையும் கண்டிலன். கடைசல் மரத்தையும் கண்டிலன். மத்திலே கயிற்றைச் சுற்றி, அதன் இரு முனைகளையும் இரு கைகளாற் பற்றி மாறி மாறி இழுத்தால், மத்து ஒருகால் வலமாகவும் ஒருகால் இடமாகவும் சுழலும். பழைய கடைசற் பட்டறையிலும் இதுவே நிகழ்ந்தது. மரத்துண்டை இரு முளைகளுக்கிடையே படுக்கையாகப் பொருத்தி, அதன்மேற் கயிற்றைச் சுற்றி, ஒருவர் மாறி மாறி இழுப்பார். மற்றவர் உளி பிடிப்பார். மரம் தம்மை நோக்கிச் சுழலும்போது உளியை அழுத்துவார். மறுபுறம் சுழலும்போது விலக்கிக்கொள்வார். மந்தரமலையை மத்தாகவும் வாசுகியைக் கயிறாகவும் கொண்டு பாற்கடல் கடைந்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்குக் கடைசற் பொறியை விளக்க வேறு உவமை வேண்டுவதில்லை.

இக்கலையைப் பற்றியும், இதனைப் பலர் கூடிப் பயிலும் கழகங்களைப் பற்றியும் இவ்வாரம் சில கூற விரும்புகின்றோம். அளவெட்டியிலிருந்து இதனை எழுதுவதற்குத் தனிக்காரணம் ஒன்று உண்டு.

ஊரின் புகழும் உளியின் பங்கும்

அளவெட்டி என்றதும் ஈழத்து மக்கள் நினைவுக்கு முதலில் வருவது இசை. இவ்வூரைத் தம் இல்லமாக்கிக்கொண்ட தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தி (1933–1975) தமிழகத்தின் பெருவித்துவான்களாலும் வியந்து போற்றப்பெற்றவர். அவரைப் பற்றி அம்ஷன்குமார் எடுத்த ஆவணப்படம் 2015ஆம் ஆண்டுக்குரிய இந்தியத் தேசியத் திரைப்பட விருதுகளுள் ஒன்றைப் பெற்றது. நாதசுர வித்துவான் என். கே. பத்மநாதனின் பெயரோடு இவ்வூரின் பெயரும் சேர்ந்தே ஒலித்தது. கும்பழாவளைப் பிள்ளையார் கோவில் வீதியிலே நாதசுரமும் தவிலும் முழங்கும்போது, நள்ளிரவென்றும் பாராது கேட்டு நின்ற கூட்டத்தைப் பெரியோர் இன்றும் நினைவுகூர்வர்.

ஊதினவர் பெயரை அறிவோம். அடித்தவர் பெயரை அறிவோம். அக்கருவியை ஆக்கியவர் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நாதசுரம் வானத்திலிருந்து இறங்கியதன்று. அது கடைசற் பட்டறையிலே பிறந்தது.

நாதசுரம் செய்வதிற் பெயர்பெற்ற ஊர் தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டை. அவ்வூர் நாதசுரத்துக்கு 2022ஆம் ஆண்டிலே புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. கருவியின் நெடிய உடற்பகுதியை உலவு என்பர். அடியிலே புனல்போல் விரிந்திருப்பது அணைசு. மேலே கெண்டையும், அதிற் செருகப்படும் சீவாளியும் உள்ளன. உலவைக் கடைவதற்கு அவ்வூரார் தேர்ந்தெடுத்த மரம் ஆச்சா. அதிலும் புதிதாக வெட்டிய மரத்தை விரும்புவதில்லை. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் தூண்களையும் விட்டங்களையும் உத்தரங்களையும் தேடி வாங்குவர்.

பழைய மரத்தை நாடுவதன் காரணத்தை மாணவர் நன்கு மனங்கொள்ளல் வேண்டும். மரம் உலரும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. ஆண்டு வளையங்களைத் தழுவிச் செல்லும் திசையில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் செல்லும் திசையில் ஏற்படும் சுருக்கத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. நீளவாட்டிற் சுருங்குவதோ மிகச் சிறிது. ஆகவே பச்சை மரத்திலே எவ்வளவு வட்டமாகக் கடைந்தாலும், உலர்ந்தபின் அது நீள்வட்டமாகிவிடும்; சிலவேளை வெடிக்கவும் செய்யும். கட்டிற்காலுக்கு அது பெருங்குறையன்று. நாதசுரத்துக்கோ அதுவே சுருதிக்கேடு. பல்லாண்டு கூரையின் கீழிருந்து வெயிலையும் மாரியையும் கடந்த விட்டம், தன் சுருக்கம் முழுவதையும் சுருங்கி முடித்துவிட்டது. இனி அது மாறாது என்ற நம்பிக்கையின் மேலேதான் உளி வைக்கப்படுகின்றது.

உலவின் உட்டுளை மேலே ஒடுங்கிக் கீழ்நோக்கி விரிந்து செல்லும். நீண்ட துளைக்கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தி அத்துளையை ஆக்குவர். இரண்டு அடிக்கு மேற்பட்ட நீளத்திலே, கண்ணுக்குத் தெரியாத உட்புறத்தில், கருவி நடுக்கோட்டை விட்டு விலகாது செல்லல் வேண்டும். விரல்கள் ஆளும் துளைகள் 7. அவற்றின் கீழே மேலும் 5 துளைகள் உண்டு. தேவைக்கேற்ப அவற்றிற் சிலவற்றை மெழுகால் அடைத்துச் சுருதியைச் சீர்செய்வர். திமிரி என்னும் குறுகிய, உரத்த சுருதியுடைய நாதசுரம் வழங்கிய காலத்திலே, நீண்டு தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பாரி நாதசுரத்தைத் திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம் பிள்ளை (1898–1956) பெரிதும் பரவச் செய்தார். அவர் செவிக்கேற்ற கருவியைக் கடைந்து கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை இரங்கநாதன் ஆசாரியார். ஊதுபவர் குறை சொல்ல, கடைபவர் துளையைத் திருத்த, மீண்டும் ஊதிப்பார்க்க, இவ்வாறு இருவர் கூடி ஆராய்ந்ததன் பயனாகவே நாதசுரத்தின் ஒலி மாறிற்று.

தவிலின் கதையும் இத்தகையதே. அதன் உடல் பலாமரத்தைக் குடைந்து ஆக்கப்படுவது. அதனை முழக்கும் கழிக்குப் பூவரசு ஏற்றது என்பர். பலாவும் பூவரசும் நம் முற்றத்து மரங்கள். அவற்றை இசையாக்கும் கைகள்தாம் அருகி வருகின்றன.

அரக்குப் பூசும் அழகு

கடைசல் என்பது தூணுக்கும் கட்டிலுக்கும் மட்டும் உரியதன்று. கருநாடகத்துச் சென்னபட்டணத்திலே வெட்பாலை மரத்திற் கடைந்த பொம்மைகள் உலகெங்கும் பெயர்பெற்றவை. அங்கே வண்ணம் பூசும் முறை நம் சிறுவர்க்கு வியப்பளிக்கும். தூரிகையும் இல்லை, எண்ணெயும் இல்லை. வண்ணம் கலந்த அரக்குக் கோலைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்திப் பிடிப்பர். உராய்வினாற் பிறக்கும் வெப்பமே அரக்கை உருக்கி மரத்தின்மேற் படியச் செய்யும். பின்னர் தாழை ஓலையை அதன்மேற் பிடித்தால், கண்ணாடிபோற் பளபளக்கும். பாண்டிநாட்டு அம்பாசமுத்திரத்து மரச் சொப்புச் சாமான்களும் இவ்வகுப்பைச் சேர்ந்தனவே. நம் கடலோரத் தாழைக்கு மணம் தரும் பூவன்றி இப்படியும் ஒரு பயன் இருப்பதை நாம் எண்ணியதுண்டோ?

நம் நாட்டிலேயே மாத்தளைப் பக்கத்து அப்புவிடை என்னும் சிற்றூர் அரக்கு வேலைக்குப் புகழ்பெற்றது. அரக்கை இழையாக இழுத்து, கட்டைவிரல் நகத்தாற் பதித்துக் கோலம் செய்வது அங்குள்ளோர் கைத்திறன். இலங்கைக் கைவினைகளைத் தேடித் தேடி ஆராய்ந்த ஆனந்த குமாரசுவாமி, 1908இல் வெளியிட்ட ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் ஆங்கில நூலிலே இவ்வரக்கு வேலையைக் கூர்ந்து நோக்கி விவரித்துள்ளார். கைவினைஞர் கற்ற முறையையும் வாழ்ந்த முறையையும் சேர்த்தே அவர் எழுதினார். கைவினையைக் காப்பதென்றால் கைவினைஞரைக் காப்பதே என்பது அவர் எழுத்து முழுவதும் ஓடும் கருத்து.

சங்கமும் கழகமும்

கடைசல் தொழில் மிகப் பழையது. எகிப்திலே கி. மு. 300 அளவிற் சமைந்த பெத்தோசிரிசு என்பாரின் கல்லறைச் சுவரில், ஒருவர் கயிறிழுக்க மற்றவர் உளி பிடிக்கும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. நாம் மேலே கூறிய பட்டறையே அது.

மேனாட்டிலும் இத்தொழில் நெடுங்காலம் குலவழியாகவும் சங்கவழியாகவும் காக்கப்பட்டது. இலண்டன் கடைசற்காரர் சங்கம் 1604இல் முதலாம் சேம்சு மன்னரிடம் அரச சாசனம் பெற்றது. சங்கத்தார் அல்லாதார் அந்நகரில் இத்தொழிலைச் செய்தல் அரிதாயிற்று. தொழிலின் மறைகளைப் பிறர் அறியாது காப்பதே அக்காலச் சங்கங்களின் இயல்பு.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே வேறொரு காற்று வீசிற்று. அமெரிக்கக் கடைசற்காரர் கழகம் 1986இலும், பெரிய பிரித்தானியக் கடைசற்காரர் கழகம் 1987இலும் தோன்றின. இன்று அமெரிக்கக் கழகத்துக்கு முந்நூறுக்கு மேற்பட்ட ஊர்க்கிளைகள் உள்ளன. பழைய சங்கம் கதவைச் சாத்தியது. புதிய கழகம் கதவைத் திறந்தது. மாதம் ஒருமுறை ஒரு மண்டபத்திலே கூடுவர். இளைப்பாறிய ஆசிரியர், மருத்துவர், பேருந்துச் சாரதி, பாடசாலை மாணவி எனப் பலரும் வருவர். கைதேர்ந்த ஒருவர் எல்லோரும் காண ஒரு பொருளைத் தொடக்கம் முதல் முடிவுவரை கடைந்து காட்டுவார். பார்ப்போர் இடைமறித்துக் கேட்கலாம். மற்றொரு பக்கத்து மேசையில் உறுப்பினர் தாம் செய்தவற்றைப் பரப்பி வைப்பர். நல்லதும் இருக்கும், வெடித்ததும் இருக்கும். வெடித்த கிண்ணத்தைப் பற்றியே பேச்சு நீளும். பிழையை மறைக்காது மேசையில் வைக்கும் இவ்வழக்கம் வகுப்பறைக்கும் ஏற்றதென்பது எமது கருத்து.

அத்தகைய காட்சிகளில் விளக்கப்படும் சில நுணுக்கங்களை இங்கே சுருக்கித் தருகின்றோம். பச்சை மரத்திற் கிண்ணம் கடைவோர் முதல்முறை பருமனாகவே கடைந்து வைப்பர். கிண்ணத்தின் விட்டம் 10 அங்குலமாயின் சுவரின் தடிப்பு 1 அங்குலம் இருக்கவேண்டும் என்பது கைக்கணக்கு. வெட்டுவாயில் மெழுகு பூசிப் பல மாதம் நிழலில் உலரவிடுவர். உலர்ந்து கோணியபின் மீண்டும் பொறியிலேற்றி வட்டமாக்குவர். கோணலைத் திருத்துவதற்காகவே அத்தடிப்பை முன்னர் விட்டுவைத்தனர். உளியைப் பிடிப்பதிலும் ஒரு முறை உண்டு. முதலில் உளியின் சரிந்த முதுகு சுழலும் மரத்தைத் தடவவேண்டும். பின்னர் பிடியை மெல்ல உயர்த்த, கூர்முனை தானாகவே மரத்திற் பதியும். முனையை நேரே குத்தியவன் கையிலிருந்து உளியை மரம் பறித்தெறியும்.

வேகத்தைப் பற்றி மாணவர் ஒரு சிறு கணக்குச் செய்து பார்க்கலாம். நிமிடத்துக்கு 1,000 சுற்றுச் சுழலும் பொறியிலே 1 அடி விட்டமுள்ள கிண்ணத்தைப் பூட்டினால், அதன் விளிம்பு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 3.14 அடி செல்லும். நிமிடத்துக்கு 3,140 அடி. மணிக்கு ஏறத்தாழ 57 கிலோமீற்றர். அதே பொறியிலே 2 அங்குல விட்டமுள்ள பம்பரத்தின் விளிம்பு மணிக்கு 9½ கிலோமீற்றரே செல்லும். பொருள் பெருக்கப் பெருக்க வேகத்தைக் குறைக்கவேண்டும் என்னும் பட்டறை விதி இக்கணக்கிலே அடங்கியுள்ளது. முகக்கவசம் அணிதல், சால்வையும் தளர்ந்த கைச்சட்டையும் தவிர்த்தல், கூந்தலை முடிந்து கட்டுதல், மரத்தூளை மூச்சிற் சேரவிடாமை ஆகியவை கழகங்களிலே முதற்பாடம். உளி பிடிப்பது இரண்டாம் பாடமே.

நம் மரங்கள்

மரம் இல்லை என்று எவரும் சாக்குச் சொல்ல இயலாது. வேலியோரத்துப் பூவரசு உளிக்கு இணங்கும் நன்மரம். வேம்பு சற்றுக் கசந்தாலும் கடைவதற்கு இனியது. வன்னியிலிருந்து வந்த முதிரை மினுக்கினாற் பட்டுப்போல் ஒளிரும். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது அதன் துண்டுகள் விறகாகிப் போவதை நாம் காண்கின்றோம். நரசிங்கம்பேட்டையார் பொன்போலத் தேடும் பழமரத்தை நாம் அடுப்பில் வைக்கின்றோம்.

பனையின் இயல்பு வேறு. தொல்காப்பிய மரபியல், வைரம் புறத்தே உள்ளவற்றைப் புல் என்றும், அகத்தே உள்ளவற்றை மரம் என்றும் வகுக்கின்றது. அவ்வகையாற் பனை புல்லினமே. இன்றைய தாவரவியலும் பனையைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரமென்றே கூறும். கடைசற் பொறியில் ஏற்றினால் இவ்விலக்கணம் கையிற் படும். புறத்தேயுள்ள கரிய நார்கள் இரும்பு போன்றவை. அவற்றின் இடையிலுள்ள பகுதி மென்மையானது. மழுங்கிய உளி நாரைப் பிய்த்தெடுக்கும். கூரிய உளி கடைந்தால் கருமையும் பொன்மையும் கலந்த கோடுகள் எழுந்து நிற்கும். நூலிற் படித்த சூத்திரத்தை மாணவன் விரலால் உணரும் இடம் அது.

ஏன் இது அவசரம்

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் ஊரை விட்டுப் புறப்பட்டபோது, சைக்கிளிலே அரிசி மூட்டையை ஏற்றினர், குழந்தையை ஏற்றினர், சாமி படத்தை ஏற்றினர். கடைசல் மரத்தை எவராலும் ஏற்ற இயலவில்லை. போரும் இடப்பெயர்வும் கட்டடங்களை மட்டும் அழிக்கவில்லை. தந்தை உளி பிடிக்க மகன் கயிறிழுத்துக் கற்ற தொடர்ச்சியையும் அறுத்தன. கட்டடங்கள் பல மீண்டும் எழுந்தன. அத்தொடர்ச்சி எல்லா வீடுகளிலும் மீளவில்லை.

வேறொரு காரணமும் உண்டு. அதனை ஒளியாது கூறவேண்டும். நாம் இத்தொழிலை ஒரு குலத்தாரின் வேலையென்று ஒதுக்கி வைத்தோம். கோவிற் சப்பறத்துத் தூணைக் கண்டு கன்னத்திற் போட்டுக்கொண்டோம். அதனைக் கடைந்தவரைத் திண்ணைக்கு அப்பால் நிறுத்தினோம். மதிப்பில்லாத் தொழிலைத் தம் பிள்ளை செய்யவேண்டாம் என்று அத்தந்தையர் எண்ணியது இயல்பே. பிள்ளைகள் படித்து உத்தியோகத்துக்கும் வெளிநாட்டுக்கும் போயினர். பிறர் பிள்ளைகளோ பட்டறை வாசலை மிதிக்கவே இல்லை. ஒரு வீட்டாரிடம் மட்டும் வைத்த அறிவு, அவ்வீடு பூட்டப்பட்ட நாளிலே தானும் பூட்டப்பட்டது.

கழகம் என்னும் அமைப்பு இவ்விடத்திலேதான் நமக்குத் தேவைப்படுகின்றது. எங்கள் ஊரிலே மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒரு கொட்டகையின் கீழ், மின்னோட்டத்தால் இயங்கும் ஒரே ஒரு கடைசற் பொறி இருந்தாற் போதும். இன்னும் தொழிலறிந்த முதியவர் ஒருவரை அழைத்து, மாலையிட்டு, உரிய ஊதியமும் கொடுத்துச் செய்து காட்டச் சொல்வோம். முதல் மாதம் பம்பரம். நடுக்கோடு சிறிது விலகினாலும் பம்பரம் தள்ளாடும். ஆசிரியர் திருத்தவேண்டுவதில்லை, பம்பரமே மாணவனைத் திருத்தும். அடுத்து மத்து, அடுத்துத் தவிற்கழி, அதன்பின் கிண்ணம். ஓராண்டு கழித்து, ஊரின் நாதசுரக் கலைஞர் ஒருவரை அமர்த்தி, உலவின் துளை எவ்வாறு சுரமாகின்றது என்று ஊதிக் காட்டச் செய்வோம். கடைபவரும் ஊதுபவரும் ஒரே மேடையில் இருப்பதைப் பிள்ளைகள் காண்பது நல்லது.

உயர்தர வகுப்புகளிலே தொழினுட்பத் துறை 2013ஆம் ஆண்டிற் புகுத்தப்பட்டது. அத்துறை மாணவர் உராய்வையும் சுழற்சியையும் பொருள்களின் வலிமையையும் நூலிற் கற்கின்றனர். அவர்களுட் பலர் உளிமுனையிலிருந்து மரச்சுருள் நாடாபோல் அவிழ்ந்து விழுவதைக் கண்டிலர். கல்லூரி ஆசிரியர் என்ற முறையில் எமக்கு இது பெருங்குறையாகத் தோன்றுகின்றது.

விளையாட்டாகப் பலர் கற்றுக்கொண்டால், தொழிலாகச் செய்பவரின் பிழைப்புக் கெடாதோ என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் கட்டிற்காலை விலைபேசும்போது குறைத்துக் கேட்பவர் யார்? உளியை ஒருநாளும் தொடாதவரே. ஒரு பம்பரத்தைக் கடைய மூன்று ஞாயிறு உழைத்தவர், ஒரு சோடித் தூணுக்குத் தச்சர் சொல்லும் விலையைக் கேட்டுத் திகைக்கமாட்டார். பாட்டுக் கற்றவர் பெருகியதால் பாடகர் கெட்டதில்லை. நல்ல பாட்டை அறிந்து கேட்கும் சபையே பெருகிற்று. கடைசற் கலைக்கும் அத்தகைய சபை வேண்டும்.

வெளிநாட்டில் வாழும் எம்மூர் மக்கள் கோவிற் கோபுரத்துக்கும் மணிக்கும் வாரி வழங்குகின்றனர். ஒரு பொறியும் ஐந்தாறு உளியும் வாங்கும் செலவு அவர்களுக்குப் பெரிதன்று. அதனிலும் முதன்மையானது ஒன்று உண்டு. உங்கள் ஊரிலே கடைசல் அறிந்த முதியவர் எவரேனும் இருக்கின்றாரா என்று, இதனை வாசிக்கும் மாணவர் இவ்வாரமே விசாரித்தறிக. இருந்தால், அவர் வீட்டுக்குச் சென்று, அவரை ஐயா என்று அழைத்து, கற்றுத்தருமாறு கேளுங்கள். பொறியைப் பணம் கொடுத்து எந்நாளும் வாங்கலாம். அவர் கையிலுள்ள பழக்கத்தை அவர் இருக்கும்போதுதான் பெறலாம்.